பன்னிரண்டு பாக்கெட் வைத்த சட்டை

எனக்கும் தராசுக்காரருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் என் தையல் கடை. அந்தப் பக்கம் அவருடைய தராசு பழுது பார்க்கும் பட்டறை. அவர் அங்கே பலமாகத் தும்மினால் இங்கே என் ஊசி ஒரு தையல் தள்ளி இறங்கும். பதினேழு வருஷமாக, இரும்பு எடைக்கல்லைத் தரையில் வைக்கும் சத்தத்தோடுதான் நான் துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் சண்டைகூடப் போட்டேன். பிறகு பழகிவிட்டது. அந்தச் சத்தம் நின்றுபோன வாரத்தில்தான் எனக்கு வேலையே ஓடவில்லை.

அவருக்கு அறுபத்துமூன்று வயது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்து முடித்தபின், மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். உடம்பில் ஆண் ஹார்மோன் சுரப்பதையே அந்த ஊசி அடைத்துவிடும். அந்த ஹார்மோனைத் தின்றுதான் அந்த நோய் வளருமாம். ஊசி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, நோய் அடங்கியது. ஆனால் தசைக்கும் எலும்புக்கும் அதே ஹார்மோன்தான் தெம்பு என்பது எங்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. டாக்டர் முதல் நாளே சொல்லியிருப்பார். புற்றுநோய் என்று ஒரு வார்த்தை விழுந்த காதில் அப்புறம் வேறு எது விழப்போகிறது?

வீட்டுக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. என் அளவு நாடாவுக்குத் தெரிந்தது என்று சொன்னால் இன்னும் சரி. வருஷத்துக்கு நான்கு சட்டை அவருக்குத் தைப்பேன். அந்த வருஷம் அளவெடுத்தபோது தோள் அரை அங்குலம் சுருங்கியிருந்தது, இடுப்பு இரண்டரை அங்குலம் பெருத்திருந்தது. மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்ததும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"சாதாரணமா நில்லுங்கண்ணே. மூச்சை அடக்கிட்டு நின்னா அப்புறம் சட்டை பத்தாது, என்னைத்தான் திட்டுவீங்க."

மூச்சை விட்டார். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "தம்பி, இந்தத் தடவை மார்ல ரெண்டு பக்கமும் பாக்கெட் வெச்சிடு. மேல மூடி வெச்ச பாக்கெட்டா."

"ரெண்டு எதுக்கு? ஒரு பாக்கெட்லயே பேனாவைத் தவிர ஒண்ணும் வெக்கிறதில்ல நீங்க."

"வைன்னா வையேன்பா. ஊசி போட்டதுல அந்த இடம் கொஞ்சம் பொம்பளை மாதிரி ஆயிடுச்சு. உங்க அண்ணிகிட்டகூட நான் சொல்லல. அவளுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் சொல்லல."

நான் இரண்டு பாக்கெட் என்று எழுதிக்கொண்டேன். அவர் போனபிறகு கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் தொடத் தோன்றவில்லை.

அவருடைய கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொழில் என்னவோ தராசு பார்ப்பதுதான். மாவு மில், மளிகைக் கடை, மீன் சந்தை என்று இரும்பு எடைக்கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அவற்றைத் தராசில் ஏற்றி, திரையில் எண் சரியாக வருகிறதா என்று பார்ப்பார். ஆனால் தராசைவிட அவருக்குத் தன் கைமேல்தான் நம்பிக்கை. ஒரு பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை மெல்ல ஆட்டிவிட்டு எடையைச் சொல்வார். பத்து கிராம் அப்படி இப்படி இருக்கலாம், அதற்குமேல் தவறாது. அந்தக் கைதான் முதலில் கெட்டது. ஒருநாள் ஐந்து கிலோ கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆறு கிலோ இருக்கும், யாரோ கலப்படம் பண்ணியிருக்கான்" என்றார். அவருடைய மகள் அதைத் தராசில் வைத்தாள். ஐந்து என்று காட்டியது. தராசு கெட்டுவிட்டது என்றார். மகள் வேறு தராசில் வைத்தாள். அதன்பின் அவர் எதையும் கையில் வாங்கி எடை சொல்வதில்லை.

பட்டறையில் மூன்று பேர்தான். டிஜிட்டல் தராசின் உள்வேலை எல்லாம் மகள் பார்ப்பாள். அண்ணியின் வேலை கல்லுக்கு எடை கூட்டுவது. இரும்புக் கல் நாளாக நாளாகத் தேயும். அதன் அடியில் ஒரு துளை இருக்கும். அதற்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுமணிகளைப் போட்டு, தேய்ந்த எடையை ஈடுகட்டி, துளையை அடைத்து முத்திரை வைக்க வேண்டும். குண்டுமணி போடுவது அண்ணி, எடை சரிதானா என்று பார்ப்பது அண்ணன். போட்ட கையே பார்க்கக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தச் சட்டத்தில் ஒரு நாளும் பிசகில்லை. அண்ணி போட்டது ஒரு கிராமுக்கு மேல் தவறியதும் இல்லை.

எலும்பை ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைந்திருக்கிறது, நோய் பரவியதால் அல்ல, ஊசியால் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் முறிந்துவிடும் என்றார். உடற்பயிற்சி சொல்லித் தருபவரிடம் போகச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அண்ணியின் காதில் விழுந்தது முறியும் என்கிற ஒரு வார்த்தைதான். சீட்டு கைப்பையிலேயே கிடந்தது.

மறுநாளிலிருந்து வீட்டில் தரைவிரிப்புகளைச் சுருட்டி வைத்தாள். குளியலறைக்கு ரப்பர் பாய் வந்தது. பட்டறையில் அவருக்குக் கைவைத்த நாற்காலி ஒன்று போட்டாள். தண்ணீர் ஜாடியைத் தூக்கப் போனால் "வைங்க கீழ". பெட்டியைத் திறக்கக் குனிந்தால் "ஏங்க". காலையில் இரண்டு முட்டை, பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பால், சாயங்காலம் ஒரு டம்ளர் பால்.

"கன்னுக்குட்டிக்குக்கூட இவ்வளவு பால் கிடையாதுப்பா. உக்கார வெச்சே என்னைக் கரைச்சிடுவா போல" என்று என்னிடம் வந்து புலம்பினார். முகம் திடீரென்று சிவந்து வியர்த்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். ஊசியால் அப்படி அடிக்கடி உள்ளே கொதிக்கும். நான் மின்விசிறியைத் திருப்பி வைத்தேன்.

அந்தச் சீட்டைக் கைப்பையிலிருந்து தேடி எடுத்தவள் மகள். "சித்தப்பா, அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாலே அழுவாங்க. எனக்கு நாளைக்கு மில்லுல வேலை. நீங்க கொஞ்சம் அப்பாவைக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். போனேன்.

பயிற்சி சொல்லித் தந்த அம்மாவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். குள்ளமான உருவம், உறுதியான கை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையால் ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். ஐந்தாவது முறையிலேயே தொடை நடுங்கியது.

"ஐயாவுக்கு என்ன தொழில்?"

"எடைக்கல் தூக்குறது."

"இப்போ தூக்குறீங்களா?"

"தூக்க விடமாட்டேங்குறாங்க."

"யாரு?"

"வேற யாரு. வீட்ல."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "ஐயா, எலும்பு மேல பாரம் விழுந்தா, சரி, இவருக்கு நாம தேவைப்படுறோம்னு அது தன்னைக் கெட்டிப்படுத்திக்கப் பாக்கும். பாரமே விழலைன்னா நமக்கென்ன வேலைன்னு கரைய ஆரம்பிச்சிடும். ஊசி ஏற்கனவே கரைக்குது. நீங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டு அதுக்கு ஒத்தாசை பண்றீங்க."

"விழுந்தா உடையும்னு டாக்டரே சொன்னாரும்மா."

"நானும் விழக்கூடாதுன்னுதான் சொல்றேன். கால்ல தெம்பு இருந்தாத்தானே விழாம இருப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கே உறைத்தது.

வாரத்துக்கு மூன்று நாள் என்று சொல்லிக் கொடுத்தாள். நாற்காலியிலிருந்து உட்கார்ந்து எழுவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, அப்படியே தொம்மென்று தரையில் விடுவது. அந்த அதிர்ச்சி இடுப்பு எலும்புக்குப் போக வேண்டுமாம். ஒரு படி ஏறி இறங்குவது, சுவரைத் தள்ளுவது, ஒற்றைக் காலில் நிற்பது. முதுகை வளைத்துக் குனிந்து எதையும் தூக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு உடம்பைத் திருப்பக் கூடாது. இரண்டு வாரம் வெறும் உடம்போடு செய்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்ட வேண்டும்.

"கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும். சுலபமா இருந்தா அது பயிற்சி இல்ல, பொழுதுபோக்கு. பாரம் வெச்ச சட்டை மாதிரி விக்கிறாங்க, உங்களுக்கு அது நல்லா ஒத்துவரும். மூணு கிலோவுக்கு மேல இப்போ வேண்டாம்."

வரும் வழியில் டீ குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாரம் வெச்ச சட்டைன்னா உனக்குத் தைக்க வருமா?" என்றார்.

"கோட்டே தைக்கிறேன். இது வராதா?"

தடித்த கித்தான் துணியில் கையில்லாத சட்டை. முன்னால் ஆறு, பின்னால் ஆறு, மொத்தம் பன்னிரண்டு பாக்கெட். பாக்கெட்டுக்குள் போடப் பன்னிரண்டு சின்னப் பைகள். ஒரு பைக்கு இருநூற்றைம்பது கிராம் இரும்புக் குண்டுமணி. வாரத்துக்கு ஒரு பை கூட்டுவது, பன்னிரண்டாவது வாரம் மூன்று கிலோ. கணக்காகப் பேசி முடிவு செய்தோம். பையில் குண்டுமணி போட்டு வாயைத் தைத்து பாக்கெட்டில் வைக்கும் வேலை, வழக்கம்போல அண்ணிக்கு.

அண்ணி சட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "நீங்களும் சேர்ந்துட்டீங்களா தம்பி" என்றாள்.

அதிலிருந்து காலை ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொம், தொம் என்று கேட்க ஆரம்பித்தது. பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து முறை. அலமாரியில் அடுக்கியிருந்த நூல்கண்டுகள் மெல்ல ஆடும். எனக்கும் வேலை ஓட ஆரம்பித்தது.

ஒரு மாதம் கழித்து அண்ணி என் கடைக்கு வந்தாள். "தம்பி, பழைய பொத்தான் ஏதாச்சும் கிடக்கா? எதிர்வீட்டுக் குழந்தை எண்ணிப் பழகணுமாம்."

எந்த முட்டாளிடமும் இப்படி ஒரு சரக்கு மாட்டியிருக்காது. மூன்று வருஷத்துக்கு முன் நிறம் தப்பி வந்த கோட்டுப் பொத்தான், பழுப்பு, நான்கு துளை, ஒரு பெரிய டப்பா நிறைய கிடந்தது. இடம் காலியானால் போதும் என்று அப்படியே கொடுத்தேன். எதிர்வீட்டில் குழந்தையே கிடையாது என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

நாட்கள் போகப் போகத் தராசுக்காரர் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. பேச்சிலும் பழைய கிண்டல் எட்டிப் பார்த்தது.

"எட்டாவது பை ஏறியிருக்கு தம்பி. ரெண்டு கிலோ. ஆனா உடம்புக்குத் தெரியவே இல்ல. போன மாசம் அரைக் கிலோவுக்கே நாக்குத் தள்ளுச்சு. இப்போ பாரு, பன்னிரண்டு தடவை உக்காந்து எந்திரிச்சிட்டு உன்கூட நின்னு பேசிட்டிருக்கேன். கைகூடத் திரும்பி வந்துடும்போல."

"தராசுல வெச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கு? போட்டது உங்க அண்ணி."

பத்தாவது வாரம் சட்டையின் பக்கவாட்டுப் பட்டி பிய்ந்துவிட்டது என்று கொண்டுவந்து போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார். பட்டியைப் பிரிக்கும்போது கத்தரிக்கோல் முனை பட்டு ஒரு பை கிழிந்தது. மேசைமேல் கொட்டியது பழுப்புப் பொத்தான், நான்கு துளை. இன்னொரு பையை அமுக்கிப் பார்த்தேன், அதுவும் பொத்தான்.

அவர் சட்டையோடு இங்கே வந்ததைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. பின்வாசல் வழியாக அண்ணி வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள்.

"தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அவர்கிட்ட சொல்லாதீங்க."

"என்ன அண்ணி இது. அவர் எவ்வளவு நம்பிக்கையா..."

"மூணு வாரம் நெசமாத்தான் போட்டேன். நாலாவது வாரம் அந்தச் சட்டையோட படி ஏறும்போது கால் தடுக்கிச்சு. விழல. ஆனா நான் பாத்துட்டேன். விழுந்திருந்தா? பாரத்தோட விழுந்தா எந்த எலும்பு மிஞ்சும்? அன்னைக்கே ஒரு பையை மாத்தினேன். அப்புறம் ஒண்ணொண்ணா. அவரும் சந்தோஷமாத்தானே இருக்காரு. ரெண்டு பை மட்டும் இரும்பு இருக்கு. சத்தம் வித்தியாசமா இருக்கக் கூடாதேன்னு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தான்களைப் பையில் அள்ளினாள். நான் வாயைத் தைத்துக் கொடுத்தேன். பையின் வாயை மட்டுமல்ல, என் வாயையும்தான். அது தப்பு என்று எனக்குத் தெரியும். அவருடைய முகத்தில் வந்திருந்த அந்தத் தெளிச்சலை என் வாயால் அழிக்க எனக்குத் தைரியம் இல்லை. டீ குடித்துவிட்டு வந்தவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, "நல்லா இறுக்கிட்டேப்பா" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கெல்லாம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் வள்ளென்று விழுந்தேன்.

பன்னிரண்டு பையும் ஏறியபிறகு ஒரு மழை நாள். காலை ஒன்பது இருக்கும். மகள் மில்லுக்குப் போக வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கற்களை ஏற்ற உள்ளே போனாள். ஒரு கால்சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு விழுந்தது. வழக்கமான சத்தம் இல்லை, தரை ஓடு பிளக்கிற சத்தம். அதோடு ஒரு மனிதச் சத்தமும். கழுத்தில் நாடாவோடு ஓடினேன்.

இருபது கிலோ கல் தரை ஓட்டைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவர் மரப்பெட்டியில் முதுகு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் அவருடைய கால்மாட்டில் மண்டியிட்டிருந்தாள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் தூக்குறேன்னு சொல்லச் சொல்லக் கேக்கல சித்தப்பா. விடு, எனக்கு இப்போ தெம்பு இருக்குன்னு ஒத்தைக் கையால குனிஞ்சு எடுத்தாரு. பாதியிலயே கை விட்டுடுச்சு. பெட்டி மேல சாஞ்சு அப்படியே சறுக்கி உக்காந்துட்டாரு."

"எங்கயாவது வலிக்குதாண்ணே?"

கால் விரல்களை அசைத்தார். முழங்காலை மடக்கினார், நீட்டினார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "இல்ல" என்றார். பிறகு அழுதார். சத்தமில்லாமல், முகத்தை மறைக்காமல் அழுதார். பதினேழு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

"நாலு மாசம்" என்றார். "நாலு மாசமா வேளை தவறாம செஞ்சேன். மூணு கிலோவைச் சுமந்துக்கிட்டு உக்காந்து எந்திரிச்சேன். ஒரு பிரயோஜனமும் இல்ல. எல்லாம் கண்துடைப்பு. இந்த உடம்புல இனி ஒண்ணும் ஏறாது. அந்தச் சட்டையைத் தூக்கிப் போடு தம்பி. நான் நாற்காலியிலயே உக்காந்துக்கிறேன். உங்க அண்ணியாவது நிம்மதியா இருக்கட்டும்."

அண்ணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குமேல் சும்மா இருந்தால் நானெல்லாம் ஒரு மனிதனா? ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தேன். பழுது பார்த்து வைத்திருந்த பெரிய தராசின்மேல் அதை வைத்தேன்.

திரையில் 1.585 என்று வந்து நின்றது. வெறும் சட்டையே எழுநூறு கிராம். பன்னிரண்டு பையும் சேர்ந்து மூன்று கிலோ எழுநூறு காட்டியிருக்க வேண்டும்.

மகள்தான் முதலில் பேசினாள். "தராசு சரிதான். நேத்துதான் பாத்தேன்" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்தபடியே அந்த எண்ணைப் பார்த்தார்.

"போட்டது யாரு?" என்றார்.

"நான்தான்" என்றாள் அண்ணி.

"என்ன போட்டே?"

"பொத்தான்."

"என் கடைப் பொத்தான்" என்றேன். "கொடுத்தப்போ எனக்குத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. என்னையும் சேர்த்துத் திட்டுங்க."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அண்ணி அதற்குள் அவரெதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமா, நான்தான் பண்ணேன். எனக்குப் பயம். நீங்க அங்க தொம்முன்னு காலை வெக்கும்போதெல்லாம் எனக்கு இங்க உசிரு போயிட்டு வருது. கல்லுன்னா தேஞ்சா குண்டுமணி போட்டு அடைச்சிடுவேன். உங்களுக்கு எங்க போட்டு அடைக்கிறது? நோயிலேருந்து உங்களை மீட்டுக் கொண்டாந்து, மூணு கிலோவுக்குப் பறிகொடுக்கணுமா? உங்களைப் படுக்கையில பாக்க என்னால முடியாதுங்க. அவ்வளவுதான்."

அவர் அவளுடைய கையைப் பிடித்தார். எங்கள் முன்னால் அவர் அப்படிச் செய்ததில்லை.

"போட்டது நீ. பாக்க வேண்டியவன் யாரு?"

அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நான். எத்தனை வருஷமா பாத்தேன். இதை மட்டும் பாக்கல. ஏன் தெரியுமா? மூணாவது வாரம் ஒரு பையைக் கையில வாங்கினேன். முந்நூறுக்கு மேலன்னு சொல்லுச்சு கை. தராசுல வெச்சா இருநூத்தம்பதுன்னு காட்டும்னு தெரியும். கை பொய் சொல்லுதுன்னு இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல. லேசாத் தெரிஞ்சப்போ ஆகான்னு சந்தோஷப்பட்டேன். நீ பயந்து ஏமாத்தினே, நான் பயந்து ஏமாந்தேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டது போதும்" என்றாள் மகள். "எந்திரிங்க. முதல்ல எக்ஸ்ரே."

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சதைப் பிசகு, இரண்டு வாரம் ஓய்வு. இந்தத் தடவை பயிற்சி சொல்லித் தரும் அம்மாவிடம் அண்ணிதான் கூடப் போனாள், நான் வெளியே உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. கேட்கக் கூடாது என்று இல்லை, அதனால் கேட்டேன்.

"ஒத்தைக் கையால குனிஞ்சு இருபது கிலோவா? நான் என்ன சொன்னேன் ஐயா உங்ககிட்ட?" என்று முதலில் அவரை ஒரு பிடி பிடித்தாள். அப்புறம் அண்ணியிடம் திரும்பினாள். "அம்மா, நீங்க பயப்படுறது தப்பில்ல. பயத்தோடவே பக்கத்துல நில்லுங்க. அவர் படி ஏறும்போது கைப்பிடி பக்கம் ஏறச் சொல்லுங்க. சோர்ந்து போயிருந்தா அன்னைக்கு ஒரு பை கம்மி பண்ணுங்க, ஆனா அவர்கிட்டச் சொல்லிட்டுப் பண்ணுங்க. இவருக்கு இப்போ உங்களைவிட நல்ல காவல் கிடையாது."

"நான் பக்கத்துல நின்னா அவரு கோபப்படுவாரு."

"படட்டும். கோபப்படவும் தெம்பு வேணுமே" என்றாள் அந்த அம்மா. உள்ளே மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுபடி வெறும் சட்டையிலிருந்து ஆரம்பித்தார்கள். என் பொத்தான் டப்பா எனக்கே திரும்பி வந்தது. அவமானச் சின்னம் மாதிரி அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு பை. பட்டறைச் சட்டப்படி அண்ணி போடுவாள், அவர் பார்ப்பார். முதலில் கையில், பிறகு தராசில். முதல் பையைக் கையில் வாங்கியபோது முந்நூற்றிருபது என்றார், தராசு இருநூற்றைம்பது என்றது. அவர் முகம் சுண்டியது. ஆனாலும் அடுத்த வாரமும் கையை நீட்டினார். ஆறாவது பைக்கு இருநூற்றெண்பது என்றார். வேறு யாருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியாது. அண்ணி அன்றைக்கு எனக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தனுப்பினாள்.

பன்னிரண்டாவது பை போன திங்கட்கிழமை. பால் வாங்கப் பழகிவிட்டதால் நானும் அங்கேதான் இருந்தேன். வாசலில் தூறல். அண்ணி குண்டுமணியை மெல்ல விட்டு, பையின் வாயைத் தைத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணை மூடி இரண்டு முறை ஆட்டினார். நெற்றி சுருங்கியது. மறுபடி ஆட்டினார்.

"எவ்வளவுன்னு சொல்லத் தெரியல" என்றார். "ஆனா இது கூட இருக்கு."

மகள் தராசுக்குள் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்த சூட்டுக்கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கிராம் தவறாதவள் போட்ட பை அது. அவருடைய கை மறுபடி பொய் சொல்லிவிட்டது என்றே நானும் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், பையைத் தராசில் வைக்கும்போது விரல் தயங்கியது.

இருநூற்று அறுபத்தொன்று.

அவர் அண்ணியைப் பார்த்தார். "பதினோரு கிராம் கூட. நீ தப்பே பண்ண மாட்டியே."

"தப்பா போடல. வேணும்னேதான் கூடப் போட்டேன். அன்னைக்குக் குறைச்சவளும் நான்தானே" என்றாள் அண்ணி. சொல்லும்போது அவளுடைய கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஒரு கிராம் கூடினால் கல்லைத் திருப்பிக் கொடுக்கிற மனிதர் அவர். பையைப் பிரித்துப் பதினோரு கிராமை எடுத்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை அப்படியே சட்டையின் கடைசிப் பாக்கெட்டில் போட்டு மூடியை அழுத்தினார்.

"இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தொம்மென்று கேட்கிறது. முன்பைவிடக் கனமான சத்தம். கூடவே அண்ணி எண்ணுவதும் கேட்கிறது. ஒன்பது வரைக்கும் சாதாரணமாக எண்ணுகிறாள். பத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் ஏறுகிறது.